கோழி நிற்கவில்லை

திரையில் எது நின்றாலும் இன்னமும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டு வருவார். அது நடுவில் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால், என்னை அறியாமல் என் கை மகளின் தோளைப் பிடித்துவிடும். அவள் நிமிர்ந்து என்ன என்பதுபோல் பார்ப்பாள். பார்த்துவிட்டால் போதும், கையை எடுத்துக்கொள்வேன்.

அவளுக்கு இப்போது எட்டு வயது. நான் சொல்லப்போவது நடந்தபோது ஏழு, இரண்டாம் வகுப்பு. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் முந்திரிக்காடு, முன்னால் ரோடு. என் கணவர் வளைகுடா நாடு ஒன்றில் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அவர் தங்கியிருக்கும் இடத்தில் நெட் மோசம். வீடியோ காலில் ஒரு நிமிஷம் நன்றாகப் பேசுவார், அப்புறம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார். அவருக்கு அங்கே நாங்கள் நிற்போம். 'நெட் மாட்டுது, வச்சுட்டுப் போடறேன்' என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட வசனம்.

இது சரிப்படாது என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாரம் முழுக்க மகளைப் போனில் துண்டு துண்டாக எடுத்து வைப்பேன். பல் விழுந்தது, கோலம் போட்டது, ஸ்கூல் டான்ஸ், சாப்பிட அடம் பிடித்தது. எல்லாவற்றையும் சேர்த்து நாலு நிமிஷத்துக்குள் கோத்து வியாழக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிடுவேன். அது மெல்ல மெல்ல அவர் போனில் இறங்கும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பாராம். ரூமில் இருக்கிறவர்களும் கூட வந்து உட்கார்ந்து பார்ப்பார்களாம். 'வெள்ளிக்கிழமைப் படம் எங்கே' என்று கேட்பார்களாம். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

லேப்டாப் திருச்சியில் வாங்கிய பழசு. எடிட்டிங் சாப்ட்வேர் இலவசமாகக் கிடைப்பது. யாரும் சொல்லித்தரவில்லை, நெட்டில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். என் சுபாவத்தை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். எது தப்பானாலும் நான் முதலில் பொருளைத்தான் திட்டுவேன். தோசை பிய்ந்தால் கல் சரியில்லை. சட்டினி மசியவில்லை என்றால் மிக்ஸி மேல் ஒரு தட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் கணவர் கிண்டல் செய்வார். ஆடத் தெரிந்தாலும் கூடம் கோணல்தான் என்பேன்.

போன லீவில் அவர் ஒரு புதுப் போன் வாங்கி வந்தார். படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒவ்வொரு முடியும் தெரியும். ஆனால் அந்தப் படத்தைத் தாங்கும் தெம்பு என் லேப்டாப்புக்கு இல்லை. ஓடவிட்டால் சத்தம் முன்னால் போகும், படம் பின்னால் நொண்டி வரும். நிற்கும், குதிக்கும், மறுபடி நிற்கும். நான் வாயில் வந்தபடி திட்டுவேன். திட்டிக்கொண்டே வைத்தியமும் பார்த்தேன். முன்னோட்டத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்தேன், அப்புறம் கால்வாசி. மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு எடிட்டிங்கை மட்டும் திறந்து வைத்தேன். லேப்டாப் சூடானால் படம் மாட்டும் என்றார்கள், அதற்கு முன்னால் டேபிள் ஃபேனை வைத்தேன். டிஸ்கில் இடம் இல்லாவிட்டாலும் மாட்டும் என்றார்கள். அதனால் படத்தை அனுப்பியதும் அந்த வாரம் எடுத்த மூலத் துண்டுகளை எல்லாம் அழித்துவிடுவேன், போனிலும் லேப்டாப்பிலும். ஜெயங்கொண்டத்தில் கடையில் கொடுத்து ராம் மெமரியும் கூட்டினேன். கொஞ்சம் தேவலை என்று ஆனது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் மகள் பேசிக்கொண்டே இருப்பாள், நின்றுவிடுவாள். ஐந்து விநாடி, ஆறு விநாடி. அப்புறம் கடைசியாகச் சொன்ன சொல்லையே இன்னொரு தரம் சொல்லித் தொடர்வாள். படம் மாட்டியிருக்கிறது என்று நினைப்பேன். சில நேரம், கழுதை பராக்கு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று நினைப்பேன். எதுவாக இருந்தால் என்ன, வெட்டிவிடுவேன். இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு இரண்டையும் ஒட்டினால் பேச்சு தண்ணீர் மாதிரி ஓடும். நான் ஒட்டிய இடம் யாருக்கும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை காலையில் அவளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முந்தின நாள்தான் ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டிருந்தேன். பெரிய படத்துக்குச் சின்னதாக ஒரு நகலை சாப்ட்வேரே போட்டுக்கொள்ளும். நாம் வேலை செய்வது நகலில். கடைசியில் படத்தை முடிக்கும்போது அதுவே மூலத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஓடி நகல் தயாரானது. ஓடவிட்டேன். எங்கேயும் நொண்டவில்லை. அவள் சைக்கிள் ஓட்டினாள், சடை பறந்தது, நிற்காமல் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி வெற்றி என்று தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அடுத்த துண்டு, ஏழாம் வாய்ப்பாடு. கொல்லைக் கதவுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொல்கிறாள். ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு.

நின்றுவிட்டாள். கண் திறந்திருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது. ஆடிய கால் நின்றுவிட்டது. இன்னுமா மாட்டுகிறது என்று பல்லைக் கடித்தேன். அப்போது அவளுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு வெளியே, எங்கள் கோழி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து போனது. நடுவில் ஒரு முறை குனிந்து எதையோ கொத்தியது. குக்கர் விசில் அடிப்பது கேட்டது. சுவரில் காலண்டர் தாள் ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டது. மகள் மட்டும் அசையவில்லை. அப்புறம் கண் இமை இரண்டு மூன்று முறை படபடத்தது. "ஏழெட்டு அம்பத்தாறு" என்றாள். கால் மறுபடி ஆடியது.

திரும்ப ஓடவிட்டேன். கோழி நடந்தது. ப்ராக்ஸியை எடுத்துவிட்டு மூலத்தைப் போட்டுப் பார்த்தேன், தரத்தைக் குறைத்துப் பார்த்தேன், போனை எடுத்து அதிலேயே பார்த்தேன். போனில் எந்தப் படமும் மாட்டாது. அதிலும் கோழி நடந்தது, பிள்ளை நின்றாள். செட்டிகுளம் முருகனுக்கு நான் வேண்டாததில்லை, ஆனால் அன்றைக்கு வேண்டியது போல் எவளும் வேண்டியிருக்க மாட்டாள். லேப்டாப் கெட்டுப்போயிருக்கட்டும், போனும் கெட்டுப்போயிருக்கட்டும், இரண்டும் தீய்ந்து போகட்டும், உன் மலைப்படி அத்தனையும் முட்டி போட்டு ஏறுகிறேன் என்று வேண்டினேன்.

அப்புறம்தான் ரோடு ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்து ரோட்டில் சிமெண்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் போய்க்கொண்டே இருக்கும். ஸ்கூல் விட்டு வரும்போது அவள் அதைத் தாண்ட வேண்டும். இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார், யாரும் வராவிட்டால் ஓடு என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நடு ரோட்டில் 'ஏழெட்டு' என்று நின்றால்? நான் எண்ணிப் பார்த்தேன், எட்டு விநாடி. எட்டு விநாடியில் லாரி எங்கிருந்து எங்கே வரும் என்று கண் முன்னால் ஓடியது. அடுப்பில் வைத்ததை அணைத்தேனா என்று கூடத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன்.

வகுப்புக்குள் போகத் தைரியம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், பக்கத்துப் பெண்ணின் ரப்பரை எடுத்தாள், அழித்தாள். பென்சில் நின்றால் எனக்கு மூச்சு நின்றது, பென்சில் நகர்ந்தால் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். யோசிக்கிற குழந்தை கூட அன்று எனக்கு நின்றுபோன குழந்தையாகத் தெரிந்தது. டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நானே உங்களைப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன், கூப்பிட்டால் சில நேரம் காதில் வாங்குவதே இல்லை, திமிரோ என்று பெஞ்சில் ஏற்றி நிறுத்தினேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரை என்ன சொல்வது? போன மாதம் இதே வாய்ப்பாட்டுக்கு நானே அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருக்கிறேன். பராக்கு பார்க்காமல் சொல்லு என்றேன். 'நான் எங்கம்மா பாத்தேன்' என்று அழுதாள். பொய் சொல்கிறாள் என்று இன்னொன்று வைத்தேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. படம் அனுப்ப வேண்டும். வாய்ப்பாட்டை எடுத்துவிடலாம் என்றால், ஏழாம் வாய்ப்பாடு வருகிறதா என்று அவர்தான் கேட்டிருந்தார். அதுவரை தெரியாமல் வெட்டிய நான் அன்றைக்குத் தெரிந்தே வெட்டினேன். கோழி கதவோரம் வருகிற இடத்தில் ஒரு வெட்டு, அந்த ஓரம் போய் மறைந்த பின் ஒரு வெட்டு. இரண்டு தரம் தப்பானது. மூலத்தை மட்டும் அந்த வாரம் அழிக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "எங்கயும் நிக்காம சொல்லிட்டாளே, கெட்டிக்காரி. ரூம்ல எல்லாரும் கை தட்டுனாங்க." அதைக் கேட்டபடி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

யாரிடம் சொல்வது என்றும் பயம். அந்தச் சொல் என் வாயில் வரவே இல்லை. சின்ன வயதில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் கூடி ஆளாளுக்கு இரும்பைக் கொடு, சாவியைக் கொடு என்று கத்தியது. என் மகள் விழவில்லை, இழுக்கவில்லை, நுரை தள்ளவில்லை. அதனால் அது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே சனிக்கிழமை பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். பொம்பளைப் பிள்ளை, விஷயம் ஊருக்குள் தெரிந்தால் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று பயந்துதான், பக்கத்தில் இருக்கிற டாக்டரை விட்டு அவ்வளவு தூரம் போனேன்.

குழந்தைகள் டாக்டர் சாந்தமானவர். மகள் அவர் முன்னால் அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசினாள், ஒரு தரம் கூட நிற்கவில்லை. நான் போனைத் திறந்து வாய்ப்பாட்டைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீடியோ மாட்டுகிறதே அம்மா என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டல சார். பின்னால கோழியப் பாருங்க."

அவர் மறுபடி வாங்கிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மகளின் முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டு, இது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், ஊதிக்கொண்டே இரு என்றார். அவளுக்கு விளையாட்டு. ஊதினாள், சிரித்தாள், ஊதினாள். தாள் ஆடியது. இரண்டு நிமிஷம் இருக்கும். தாள் ஆடுவது நின்றது. அவள் கண் டாக்டரைத் தாண்டி எங்கேயோ இருந்தது. டாக்டர் அவள் பேரைக் கூப்பிட்டார், முகத்துக்கு முன்னால் விரலைச் சொடுக்கினார். நானும் கூப்பிட்டேன். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த என் பிள்ளை அங்கே இல்லை. இமை படபடத்தது. மறுபடி ஊத ஆரம்பித்தாள், நடுவில் எதுவுமே நடக்காதது போல.

அது வலிப்பில் ஒரு வகைதான், இப்படி ஊதவைத்தால் வெளியே வந்துவிடும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். விழ மாட்டார்கள், சில விநாடி மூளை நின்று போகும், அவர்களுக்கே தெரியாது. மருந்துக்கு அடங்கும், நிறைய குழந்தைகளுக்கு வளர வளர விட்டுவிடும், ஆனால் குளம், கிணறு, அடுப்பு, ரோடு எதன் பக்கமும் தனியாக விடாதீர்கள். மகளுக்குக் கேட்கக் கூடாது என்று நான் அவள் காதைப் பொத்தினேன். அவள் கூச்சம் தாங்காமல் நெளிந்தாள். திருச்சிக்குப் போய்த் தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் டெஸ்ட் ஒன்று எடுக்கச் சீட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். வாரா வாரம் வீடியோ எடுப்பதாகச் சொன்னீர்களே, பழையதைப் பாருங்கள், எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால் நல்லது என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவருக்கு அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதிலும் அவள் நிற்கவில்லை. எல்லாப் படத்திலும் தண்ணீர் மாதிரி ஓடினாள். நின்ற துண்டுகளைத்தான் நான் வாரா வாரம் அழித்து லேப்டாப்புக்கு இடம் பண்ணிக் கொடுத்திருந்தேனே. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஒட்டிய இடம் எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று சடை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாறியிருக்கும். கையில் இருந்த முறுக்கு ஒரு கடி குறைந்திருக்கும். அங்கே ஒரு வெட்டு. அங்கே அவள் இல்லாமல் இருந்திருக்கிறாள். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். பொங்கலுக்கு எடுத்ததில் நாலு வெட்டு. தீபாவளிக்கு அடுத்த வாரத்தில் ஒன்று. தீபாவளிக்கு எடுத்ததில் ஒன்று கூட இல்லை. உள்ளே போய், தீபாவளி கழிந்து சார், என்றேன்.

திருச்சி டெஸ்டிலும் அதுவேதான் வந்தது. மாத்திரை ஆரம்பித்தோம். இரண்டு வெள்ளிக்கிழமை நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. வேலை செய்வது உயரத்தில், கம்பி மேல். மனசு கலங்கிப் போய்க் கால் தவறினால் என்ன செய்வது என்று ஒரு பயம், மறைத்தால் அது ஒரு பயம். மூன்றாவது வெள்ளிக்கிழமை மகள் ஸ்கூலில் இருந்த நேரத்தில் வெட்டாத அந்த வாய்ப்பாட்டை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று கேட்டேன்.

"கேக்குது," என்றார். "வீடியோ கால்ல பேசறப்ப எத்தன தடவ நின்னுருக்கா. நெட்டுன்னு நெனச்சு வச்சுட்டு வச்சுட்டுப் போட்டேன். அவ அங்க நின்னுட்டு இருந்துருக்கா, நான் இங்க போன வச்சுருக்கேன்."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"இனிமே நிக்கிற எடத்தயும் அனுப்பு. வெட்டாத."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் படத்தை நான் வெட்டுவதில்லை. நீளமாக இருக்கும், சலிப்பாக இருக்கும். ரூமில் மற்றவர்கள் இப்போது கூட உட்காருவதில்லையாம். அவர் மட்டும் முழுவதும் பார்த்துவிட்டு எத்தனை தரம் நின்றாள் என்று எண்ணி எனக்கு அனுப்புவார். நானும் எண்ணி வைத்திருப்பேன். மருந்து வேலை செய்தது. ஐந்து மூன்றானது, மூன்று ஒன்றானது. சில வாரம் இரண்டு பேரும் பூஜ்யம் என்று அனுப்பிக்கொண்டோம். அப்போதும் நான் நம்பவில்லை, அவள் குளிக்கும்போது கதவைத் தாழ் போடவிடுவதில்லை, ரோட்டைத் தாண்டும்போது மணிக்கட்டை விடுவதில்லை. 'விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க' என்று கையை உதறுவாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீடியோ காலில் வந்தார். மகள் ஸ்கூல் விட்டு வந்த உடுப்போடு போனைச் சாய்த்து வைத்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள், நடுவில் அவள் சத்தம் நின்றது. போனில் அவர் முகம் கண்ணை மூடியபடி நின்றிருந்தது. குரல் மட்டும் வந்தது.

"அவளா? நெட்டா?"

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். திரையையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே பார்த்தேன், கோழி எதுவும் இல்லை. ஃபேன் ஓடவில்லை, கரண்ட் போயிருந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். அவர் இன்னொரு தரம் கேட்டார்.

"அப்பா," என்றாள், கண்ணை எடுக்காமல். "நீங்கதான் நிக்கிறீங்க."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் ஐந்து வரை எண்ணியிருந்தேன்.